பெரிய நாய்க்கு எந்த வீடு?

வளர்ந்த பெரிய நாய்க்கு வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரக்கத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். எலும்பு துருத்திய படம், 'ஆசையாய் வளர்த்துவிட்டு நடுரோட்டில் விட்டுப் போனார்கள்' என்று நாலு வரி, கீழே ஒரு கைப்பேசி எண். இதயக்குறிகள் வந்து குவியும், அழைக்கிறவரோ "குட்டி ஏதாவது இருக்கா?" என்பார். இரக்கத்தைக் குறை சொல்லவில்லை, அதன் ஆயுள் குறைவு என்கிறேன். நாற்பது கிலோ ராட்வீலர் நள்ளிரவில் வாசல் கதவைப் பிறாண்டத் தொடங்கினால் இரண்டாம் நாளே அது கரைந்துவிடும். இந்த நாய்களைக் கரையேற்றக்கூடியது அவற்றைப் பற்றிய ஒளிவுமறைவற்ற தகவல்தான் என்பது என் கட்சி.

யோசித்துப் பார்த்தால் குட்டிதான் சூதாட்டம். அது எவ்வளவு வளரும், குழந்தையிடம் எப்படி நடந்துகொள்ளும், தனியே விட்டால் ஊளையிடுமா என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சென்னை வெயிலுக்குச் சற்றும் ஒவ்வாத செயின்ட் பெர்னார்டையும் ஹஸ்கியையும் குட்டியின் அழகில் மயங்கி வாங்குகிறார்கள். தீனிச் செலவும் முடி உதிர்வும் பிறகுதான் உறைக்கின்றன. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் வைத்த உச்சபட்ச அபராதம் 50 ரூபாய். இன்று அது இரண்டு காபிக்குக் காணுமா என்பதே சந்தேகம். ஐந்து வயது நாயிடம் இந்தப் புதிர் எதுவும் இல்லை. உயரம், எடை, குணம், பயம் எல்லாம் கண்ணெதிரே நிற்கின்றன, எழுதிச் சொல்ல ஓர் ஆள் இருந்தால்.

சொல்லும்போது இனப்பெயர் முந்திக்கொள்வதுதான் சிக்கல். 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 'பிட்புல்' என்று எழுதி ஒட்டப்பட்ட நாய்கள், அவற்றைப் போலவே தோற்றமளித்த மற்ற நாய்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான காலம் காப்பகத்தில் கிடந்தன. ஃபுளோரிடாவில் ஒரு காப்பகம் கூண்டு அட்டையிலிருந்து இனப்பெயரையே எடுத்துவிட்டபோது தத்துப்போவது கூடியது. 2022-இல், பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு, தனித்தனி நாய்களின் குண வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்றது. இங்கேயோ 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களை மூர்க்கமானவை என்று பட்டியலிட்டுச் சுற்றறிக்கை விட்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் பட்டியல் மனதில் பதிந்தது பதிந்ததுதான்.

இதற்காக உருவத்தை மறந்துவிடச் சொல்ல முடியாது. பொமரேனியன் கடித்தால் ஊசியோடு போகலாம், ராட்வீலர் கடித்தால் அறுவைச் சிகிச்சை வரை போகலாம். அந்த அச்சம் நியாயமானது. நியாயமானது என்பதாலேயே 'தங்கமான பையன், யாரையும் ஒன்றும் செய்யமாட்டான்' என்ற பொத்தாம்பொதுவான சான்றிதழ் அங்கே உதவாது. 'வயது ஆறு; கயிற்றை இழுக்கும்; சாப்பிடும்போது யாரும் கிட்டே போகக் கூடாது; பூனை உள்ள வீடு ஆகாது; இடி இடித்தால் கட்டிலடியில் புகுந்துகொள்ளும்; வண்டியில் ஏறக் கொள்ளை ஆசை' என்று எழுதினால் படிப்பவர் தன் வீட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். கூண்டில் பார்த்ததை மட்டும் எழுதினால் போதாது. ஆள் நடமாட்டம் கண்டதும் கம்பியில் பாய்ந்து குரைக்கும் நாய், வெளியே அழைத்துவந்தால் அரைமணியில் நிழல் தேடிப் படுத்துவிடலாம். ஒரு வாரம் யார் வீட்டிலாவது தங்கவைத்து எழுதிய குறிப்புக்குத்தான் மதிப்பு.

குறைகளை எழுதினால் யார் எடுப்பார்கள் என்று கேட்பார்கள். பலர் விலகத்தான் செய்வார்கள். விலகட்டும், அந்த நாய்க்கு வேண்டியது ஒரே ஒரு வீடு. மறைத்து அனுப்பினால் பத்தாம் நாள் திரும்பிவரும், 'திருப்பி அனுப்பப்பட்ட நாய்' என்ற கூடுதல் பெயரோடு. பழைய எஜமானனையே நினைத்து ஏங்குமே என்ற கவலைக்கும் மழுப்பாமல் பதில் சொல்லலாம்: சில நாள் சோறு இறங்காது, வீடு பழகச் சில மாதங்கள் ஆகலாம். செலவும் அப்படியே. உண்ணிக் காய்ச்சலுக்கான மருந்தைக்கூட எடை பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். பெரிய உடம்புக்குப் பெரிய பில். கிரேட் டேன் போன்றவற்றுக்கு ஆயுளும் குறைவு.

இவ்வளவு சொல்லியும் ஒத்துவராமல் போகலாம். அப்போது வசைபாடாமல் நாயைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் வீடு தேடித் தந்தவரின் வேலையே. திட்டுக்குப் பயந்த குடும்பம் அவருக்குத் தகவல் சொல்லாது. ஊருக்கு வெளியே காரை நிறுத்திக் கதவைத் திறந்துவிடும்.