சிலுவையும் சதுரமும்

ஒரு குறியீட்டின் அர்த்தத்தைத் தீர்மானிப்பவன் வரைந்தவனா, பார்ப்பவனா? கவிதை பற்றிய நம் சர்ச்சைகளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி. கவிதையைத் தப்பாக வாசித்தால் யாரும் சாவதில்லை. செஞ்சிலுவையை யுத்தகளத்தில் தப்பாக வாசித்தால் சாவார்கள்.

1864 ஜெனிவா ஒப்பந்தம் வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவையை மருத்துவப் பணியின் சின்னமாக்கியது. ஏன் சிலுவை என்று அது சொல்லவில்லை. 1906 ஒப்பந்தம்தான் காரணம் சொன்னது: சுவிட்ஸர்லாந்துக்கு மரியாதையாக அதன் கொடியின் நிறங்களை இடம் மாற்றியதாம். மதமில்லை என்று காட்ட ஒரு தேசத்தின் கொடியைக் காட்டுகிறார்கள். அந்தக் கொடியின் வேரோ கிறிஸ்துவச் சிலுவை!

அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சிலுவையின் நிழலிலேயே வளர்ந்தவனுக்கு அது வெறும் இரண்டு கோடுகளாகத் தேய்ந்துவிட முடிகிறது. சிலுவைப் போர்களின் ஞாபகம் உள்ளவனுக்கு முடியாது. 1876இல் துருக்கி, சிலுவை தன் முஸ்லிம் வீரர்களைப் புண்படுத்துகிறது என்று அறிவித்துப் பிறையை எடுத்துக்கொண்டது. எதிரியின் சிலுவையை மதிப்பேன் என்றும் சொன்னது. இதில் எந்த முரணும் எனக்குத் தெரியவில்லை. தன் சின்னத்தைத் தானே பொதுவானது என்று கருதிக்கொள்வது பலமுள்ளவனின் சௌகரியம்.

1929இல் பிறையும், ஈரானின் சிங்கமும் சூரியனும் அங்கீகாரம் பெற்றன. (சிங்கத்தை ஈரானே 1980இல் கைவிட்டது.) இஸ்ரேலின் தாவீது நட்சத்திரத்துக்கு அது கிடைக்கவில்லை. நெடுங்காலச் சச்சரவுக்குப் பின் 2005இல், முனையில் நிற்கும் ஒரு சதுரத்தை, சிவப்புப் படிகத்தை, ஏற்றார்கள். யார் ஞாபகமும் அதில் இல்லை. நியாயமான ஏற்பாடுதான். ஆனாலும் எனக்குத் தயக்கம். இருட்டில் துப்பாக்கி ஏந்தியவனின் விரலைத் தடுப்பது வடிவமா, அதில் படிந்த ஞாபகமா? ஞாபகத்தைச் சுரண்டியெடுத்தபின் மிஞ்சுவது சீட்டுக்கட்டின் டைமன் அல்லவா?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெரு மருந்துக்கடைப் பலகையில் ஒரு சிவப்புச் சிலுவை இருந்தது. கடைக்காரர் நெற்றி நிறைய விபூதி பூசுபவர். கிறிஸ்துவும் சுவிட்ஸர்லாந்தும் அவருக்கு அதில் தென்பட்டதேயில்லை, மருந்துதான் தெரிந்தது. ஜெனிவா விரும்பிய பார்வை அவரிடம் இருந்தது என்று சொல்லலாம். ஆனால் மத்திய அரசின் அனுமதியின்றி அதை உபயோகிக்க 1960ஆம் ஆண்டின் சட்டம் இடம் தரவில்லை. கண்டவனெல்லாம் மாட்டிக்கொண்டால் களத்தில் அதை யார் நம்புவது?

ஆயுத பூஜையன்று அவர் ஏணி போட்டு ஏறி, தராசுக்கு வைத்த அதே சந்தனத்தை அந்தச் சிலுவையின் நடுவிலும் வைப்பார்.