திறந்து கிடக்கும் சீட்டு

ஏழு சீட்டு ஸ்டட் போக்கரின் விதிகளைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். ஆளுக்கு முதலில் இரண்டு சீட்டு கவிழ்த்து, ஒன்று திறந்து. அடுத்த மூன்றும் ஒவ்வொன்றாக, திறந்தபடியே வரும். ஏழாவது மறுபடி கவிழ்த்து. இடையிடையே ஐந்து முறை பணம் வைக்கும் சுற்று. வேண்டாம் என்பவர் எந்தச் சுற்றிலும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். கடைசிவரை நிற்பவர்களில் யாருடைய ஏழு சீட்டில் சிறந்த ஐந்து தேறுகிறதோ, நடுவில் குவிந்த பணம் அவருக்கு. அவ்வளவுதான்.

எட்டுப் பேர் உட்கார்ந்தால் 56 சீட்டு வேண்டும். கட்டில் இருப்பதோ 52. அதற்கும் விதி உண்டு. எட்டுப் பேரும் கடைசிவரை நின்று சீட்டு போதாமல் போனால், மேசை நடுவில் ஒரே ஒரு சீட்டைத் திறந்து வைப்பார்கள். அதுவே எல்லோருக்கும் பொது. ஆனால் இதற்கு வேலை வருவது அபூர்வம். பாதிப் பேர் முதல் சுற்றிலேயே விலகிவிடுவார்கள்.

நியூஜெர்சியில் ஒரு வீட்டின் சமையலறை மேசை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை இரவு, சில்லறைக் காசுக்கு ஆட்டம். எட்டாவது ஆளாக, சென்னையில் ரம்மி ஆடிப் பழகிய ஒரு புதியவர். கவிழ்த்த இரண்டு சீட்டின் ஓரத்தைக் கட்டை விரலால் தூக்கிப் பார்க்கிறார்: இரண்டும் ராஜா. திறந்த சீட்டு ஏழு. முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கே பாதி கவனம் போய்விடுகிறது. அடுத்தடுத்து வரும் சீட்டெல்லாம் உதவாத சீட்டு. மூன்றாவது ராஜா வரும் என்று சுற்றுக்குச் சுற்று கால் டாலர் வைக்கிறார். ஏழாவது சீட்டையும் பார்த்தாயிற்று, வரவில்லை. எதிரே இருந்தவர் மூன்று ஒன்பதைக் காட்டிப் பணத்தை வாரிக்கொள்கிறார். அதில் இரண்டு ஒன்பது நெடுநேரமாகத் திறந்தே கிடந்தன.

"எனக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்கிறார் புதியவர்.

"அதிர்ஷ்டம் எங்கே வந்தது? மற்ற இரண்டு ராஜாவும் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டதே. ஒன்று என்னிடம்தான் இருந்தது. நான் கவிழ்த்துவிட்டுப் போனேன்" என்கிறார் பக்கத்தில் இருந்த மூதாட்டி.

கணக்கு இதுதான். எட்டுப் பேர் ஆட்டத்தில், முதல் சுற்றில் தன் மூன்று சீட்டோடு மற்றவர்களின் திறந்த ஏழையும் சேர்த்துப் பத்து சீட்டு கண்ணுக்குத் தெரியும். தெரியாதவை 42. மற்ற இரண்டு ராஜாவும் அந்த 42-க்குள் இருந்தால், வரப்போகும் நான்கு சீட்டில் ஒன்றாவது ராஜாவாக இருக்க நூற்றுக்குச் சுமார் 18 வாய்ப்பு. இரண்டுமே வெளியே வந்துவிட்டால் வாய்ப்பு சுழி. குறைவு என்று கூடச் சொல்ல முடியாது, சுழியேதான். அந்தச் சுழி மேசை மீது எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது, அதுவும் சில நொடிகள்தான். விலகுகிறவர் தன் திறந்த சீட்டையும் கவிழ்த்துத் தள்ளிவிடுவார். கவிழ்த்ததைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை. பார்த்தபோதே மனசில் பதித்துக்கொண்டால் உண்டு.

ஸ்டட்டின் நிஜமான பாடம் விதிப் புத்தகத்தில் இல்லாத இந்த வேலைதான். ஏழில் நான்கு சீட்டு திறந்து கிடக்கிறது. ஆனாலும் புதிதாகக் கற்பவருக்குக் கண்ணெல்லாம் கவிழ்த்த சீட்டில்தான். தன்னுடையதைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்ப்பார். எதிராளியின் கண் துடிக்கிறதா என்று துப்பறிவார்.

இதில் சினிமாவுக்கும் பங்குண்டு. 1965-ல் வந்த 'தி சின்சினாட்டி கிட்' படத்தின் உச்சகட்டம் ஐந்து சீட்டு ஸ்டட் ஆட்டம். நான்கு திறந்த சீட்டு, ஒரே ஒரு கவிழ்த்த சீட்டு. ஸ்டீவ் மெக்வீன் கையில் மூன்று ஏஸ், இரண்டு பத்து. எளிதில் தோற்காத கை. எட்வர்ட் ஜி. ராபின்சன் தன் கவிழ்த்த சீட்டைத் திருப்புகிறார்: டைமண்ட் ஜாக். அதோடு கதை முடிந்தது. படத்துக்கு அது சரி. மேசையில் அப்படிப்பட்ட கைக்காகக் காத்திருந்தால் வீட்டு வாடகை போய்விடும்.

மறைந்ததன் மேல் மனிதருக்கு இருக்கும் இந்த மோகம் சீட்டோடு நிற்பதில்லை. வரன் பார்க்கப் போன வீட்டில் ஜாதகக் கட்டத்தை மூன்று ஜோசியரிடம் காட்டுவார்கள். காபி ஆறிவிட்டது என்று பையன் தன் அம்மாவை அதட்டியதை நான்கு பேரும் பார்த்திருப்பார்கள். ஒருவரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் எல்லோருக்கும் அது ஞாபகம் வரும்.

சட்டமும் இதில் தடுமாறியிருக்கிறது. 1885-ல் கலிபோர்னியா, தடை செய்த சூதாட்டங்களின் பட்டியலில் 'ஸ்டட் ஹார்ஸ் போக்கர்' என்று பெயர் சொல்லிச் சேர்த்தது. எல்லாச் சீட்டையும் மறைத்தே ஆடும் டிரா போக்கருக்குத் தடையில்லை. 1980களின் பிற்பகுதிவரை அந்த மாநிலத்துச் சீட்டு விடுதிகளில் இதே கதைதான்: மூடி ஆடினால் சரி, திறந்து ஆடினால் குற்றம்! நம் உச்ச நீதிமன்றம் 1967-ல், செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி முக்கியமாகத் திறமை ஆட்டம் என்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. மூணு சீட்டு போல முழுக்க அதிர்ஷ்டம் அல்ல என்றும் சொன்னது. அந்த அளவுகோலை வைத்தால் ஸ்டட்டுக்குத் தாராளமாகவே மதிப்பெண் போடலாம்.

இன்னொரு விதியும் யோசிக்க வைப்பது. முதல் சுற்றில் யாருடைய திறந்த சீட்டு எல்லாவற்றிலும் சின்னதோ, அவர் கட்டாயம் பணம் வைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். அடுத்த சுற்றிலிருந்து, பெரியதைக் காட்டுபவர் முதலில் பேசுவார். இல்லாதவன் கையால் தொடங்கி வைத்துவிட்டு அப்புறம் இருக்கிறவனிடம் பேச்சைக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை, அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ராஸ் என்றொரு வகை இருக்கிறது. சீட்டுப் போடும் முறை அப்படியே ஸ்டட். ஆனால் மோசமான கைக்குத்தான் பணம். ஏஸ், 2, 3, 4, 5 கிடைத்தால் அதைவிடச் சிறந்த கை கிடையாது. ராஜா ஜோடியைக் கண்டு முகம் சுளிக்க வேண்டும். ஜாக்குக்கு 30, ராஜாவுக்கு 3 என்று 304 ஆடி வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரருக்கு இந்தத் தலைகீழ் அவ்வளவு அதிர்ச்சி தராது. சீட்டின் மதிப்பு சீட்டில் இல்லை என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

ஸ்டட்டில் கரைகண்டவர் என்று பெயரெடுத்த சிப் ரீஸ், ஒஹையோவில் வளர்ந்தவர். சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து பள்ளிக்குப் போகாமல் ஏறக்குறைய ஒரு வருடம் வீட்டிலேயே இருந்தார். அப்போது அம்மாதான் பலகை ஆட்டங்களும் சீட்டாட்டமும் சொல்லிக்கொடுத்தார். டாயில் பிரன்சன் 1978-ல் வெளியிட்ட 'சூப்பர் சிஸ்டம்' நூலில் ஏழு சீட்டு ஸ்டட் அத்தியாயம் ரீஸ் எழுதியது. 2006-ல், நுழைவுக் கட்டணமே 50,000 டாலரான ஹார்ஸ் போட்டியின் முதல் பட்டத்தையும் அவரே வென்றார். ஸ்டட்டும் ராஸும் உட்பட ஐந்து வகை ஆட்டம் மாறி மாறி வரும் போட்டி அது.

அதற்குள் ஸ்டட்டுக்குக் கூட்டம் குறைந்துவிட்டது. 2003-ல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் 25 லட்சம் டாலர் வென்றது ஹோல்டம் என்ற வகைப் போக்கர் போட்டியில். அவர் ஜெயித்த ஆண்டு போட்டியில் 839 பேர். மறு ஆண்டு 2,576 பேர். ஹோல்டமில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, அவை கடைசிவரை மேசையிலேயே கிடக்கும். விலகியவர் என்ன வைத்திருந்தார் என்று நினைவில் வைக்க ஒன்றுமில்லை. தொலைக்காட்சிக்கும் அது தோது.

நியூஜெர்சி மேசைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை புதியவர் மறுபடி வருகிறார். சீட்டு விழுகிறது. இந்தத் தடவை தன்னுடையதைத் தொடவில்லை. இடப்பக்கத்திலிருந்து ஒரு சுற்று பார்க்கிறார். உதடு லேசாக அசைகிறது. திறந்த ஏழில் நான்கு இஸ்பேடு. அப்புறம்தான் தன் சீட்டைத் தூக்குகிறார். மூன்றும் இஸ்பேடு. போன வாரமாக இருந்தால் கடைசிவரை துரத்தியிருப்பார். பதின்மூன்றில் ஏழு போனால் ஆறு.

தன் முறை வந்ததும் மூன்றையும் கவிழ்த்துத் தள்ளிவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறார். கையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.