அறியாதவன் சொன்ன விலை

ஒரு பொருளின் மதிப்பை அறியாத ஒருவன் அதற்கு ஒரு விலை சொல்கிறான். அதன் மதிப்பை நன்றாய் அறிந்த மற்றொருவன், அவன் சொன்ன விலையையே கொடுத்து வாங்கிக்கொண்டு போய், பத்து மடங்குக்கு விற்றுவிடுகிறான். இதில் திருட்டு இல்லை, பலாத்காரம் இல்லை, கேட்ட பணம் கேட்டபடியே கை மாறியிருக்கிறது. ஆயினும் வாங்கினவன் அன்றிரவு தூக்கம் வராமல் புரளுவானேயாகில், அதற்கு நியாயமான காரணம் உண்டா, அன்றி அது வெறும் மனப் பலவீனந்தானா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயமாகும்.

இந்த விசாரத்துக்கு மூலமாயிருந்தது ஒரு பழைய சைக்கிள். சைக்கிளுக்கும் தர்ம விசாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

மலைச் சைக்கிள் என்று இன்று வழங்கும் வண்டி, பழைய சைக்கிளிலிருந்தே பிறந்தது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், தமல்பாயிஸ் என்னும் மலைப் பக்கத்து இளைஞர் சிலர், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட ஷ்வின் முதலிய தடித்த டயர் வண்டிகளைக் குப்பையிலிருந்தும் பழைய சாமான் கடைகளிலிருந்தும் சொற்ப விலைக்குப் பொறுக்கியெடுத்து, மலைச் சரிவிலே விட்டு ஓட்டிக் களித்தார்கள். 1976இல் அதற்கென்று பந்தயமே ஏற்பட்டது. 1981இல் பெரிய கம்பெனி ஒன்று அத்தகைய வண்டியைத் தொழிற்சாலையில் செய்து விற்கத் தொடங்கிற்று. 1990ஐ ஒட்டி முன்சக்கரத்துக்கும், பின்னர்ப் பின்சக்கரத்துக்கும் குலுக்கல் தாங்கும் அமைப்பு வந்து சேர்ந்தது. இரண்டு பக்கமும் அவ்வமைப்பைப் பெற்ற வண்டியைத்தான் 'புல் சஸ்பென்ஷன்' என்கிறார்கள். டிரெக், கேனண்டேல், ஜி.டி. முதலிய பெயர்களோடு வந்த அவ்வண்டிகளின் படங்களை ஆங்கிலச் சஞ்சிகைகளில் பார்த்து ஏங்கிய சிறுவர் அந்நாளில் அநேகர்; நாமும் அவர்களில் ஒருவர். அன்று வாங்க முடியாதவர்கள் இன்று நாற்பது வயதை நெருங்கிச் சம்பாதிக்கிறார்கள். பழைய வண்டிக்குக் கிராக்கி ஏற்பட்டிருப்பதன் இரகசியம் இவ்வளவுதான். அவர்கள் வாங்குவது சைக்கிளையன்று, கிடைக்காமற்போன பன்னிரண்டாம் வயதையே என்றும் சொல்லலாம். சிங்கப்பூரின் மிக உயர்ந்த குன்றாகிய புக்கிட் தீமா 163 மீட்டர்தான் என்பதை நினைக்கும்போது, மலைச் சைக்கிளுக்கு அவ்வூரில் இத்தனை ஆசையா என்று தோன்றும். ஆசைக்கு மலை தேவையில்லை போலும்!

நிற்க, தேக்காவிலிருந்து ஜாலான் புசார்ப் பக்கம் நடந்துபோகும் தூரத்தில், ரோச்சோர் கால்வாயை அடுத்து, சுங்கை ரோடு பழஞ்சந்தை இருந்ததை வாசகர் பலர் அறிவர். 1930களில் தோன்றிய அச்சந்தை, ஜப்பானியர் ஆட்சியில் பண்டங்கள் அருகியபோது ஜனங்களுக்குப் பெருந்துணையாய் இருந்தது. பிறகு 'திருட்டுச் சந்தை' என்று பெயரெடுத்தது. ஆனால் அங்கே தரையில் துணி விரித்து உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வயது முதிர்ந்த ஏழைகளே. வீடு வீடாய்ச் சென்று பழைய சாமான் எடுக்கும் காருங் கூனிக்காரர்கள் கொணர்ந்து போட்ட கடிகாரம், வானொலிப் பெட்டி, செருப்பு, சட்டை, சைக்கிள் எல்லாம் அங்கே வாடகையில்லாத் தரையில் விலைப்பட்டன. ஞாயிறுதோறும் தேக்காவுக்கு வரும் நம் தமிழ்த் தொழிலாளர்களும் வங்காளத் தொழிலாளர்களும் அங்கே பேரம் பேசாத வாரமில்லை. 2011இல் ரயில் நிலைய வேலைக்காகப் பாதி இடம் போயிற்று. 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதியோடு சந்தை முழுவதும் மூடப்பட்டது.

மூடப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் நாம் அங்கே போயிருந்தோம். கிழவர் ஒருவர், சீனர், எழுபது வயதுக்கு மேலிருக்கும். இரும்புச் சட்டிகளுக்கும் மின்விசிறிக்கும் நடுவே ஒரு சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார். அழுக்கு மூடியிருந்தது, சங்கிலி துருவேறிக் கிடந்தது, ஆயினும் சட்டத்தின் அமைப்பைக் கண்டவுடனே அது எந்த ஆண்டு வண்டி, யார் செய்தது என்று நமக்குத் தெரிந்துபோயிற்று. விலை கேட்டோம். ஐம்பது வெள்ளி என்றார். நமது முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும், உடனே சந்தை மலாயில், "இது நல்ல வண்டியா தம்பி? உனக்குத் தெரியுமே" என்று கேட்டார்.

நாம் சொன்ன பதில் இது: "பழைய வண்டிதான் அங்கிள், முன் போர்க்கு கெட்டிருக்கிறது."

இந்தப் பதிலில் ஒரு சொல்லும் பொய்யன்று. வண்டி பழையதுதான், போர்க்கும் கெட்டுத்தான் இருந்தது. கிழவர் தலையசைத்து ஐம்பது வெள்ளியை வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு நாம் நடந்துகொண்ட விதத்தில் நமக்கு வெகுகாலம் பெருமை இருந்தது. அக்காலத்துப் போர்க்குகள் பலவற்றினுள் எலாஸ்டோமர் என்னும் உருளைகள் இருக்கும். ரப்பர்போலத் தோன்றினாலும் நம் தோட்டத்துப் பாலில் செய்ததன்று, இரசாயனச் சரக்கு. இருபது ஆண்டு கழிந்தால் அது கல்லாய் இறுகும், அல்லது வெல்லப் பாகாய்க் கசிந்து பொடியாய் உதிரும். அவற்றை மாற்றினோம். பின்கட்டு அசையும் மூட்டுகளில் தேய்ந்த புஷ்களைக் கழற்றிப் புதியவை போட்டோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் தொண்ணூறு வெள்ளியும் செலவாயின. பின்னர் 720 வெள்ளிக்கு ஓர் இளைஞர் வாங்க வந்தார். புலாவ் உபின் தீவில் 2008இல் திறந்த கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவில் ஓட்டப் போவதாகச் சொன்னார். நாம் வண்டியைத் தலைகீழாய் நிறுத்தி, குறையெல்லாம் காட்டினோம். அலுமினியம் எஃகைப் போன்றதன்று. சிறு பளுவானாலும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் சோர்வு சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் சட்டென்று விரிசல் காணும். ஆகையால் பற்றுவைத்த இடங்களை மாதந்தோறும் துடைத்துப் பார்க்க வேண்டும். பெரும் பள்ளத்தில் குதிக்கலாகாது என்றெல்லாம் எச்சரித்தோம். அவர் எழுபது வெள்ளி குறைத்துக் கேட்டார், கொடுத்துவிட்டோம். உண்மையைச் சொன்னதற்கு எழுபது வெள்ளி அபராதம் செலுத்திய உத்தமர் என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டு வீடு திரும்பினோம்.

இதில் உள்ள கோணலை நாம் உணர்ந்தது சில நாட்களுக்குப் பின்னரே. இளைஞரிடம் கேளாமலே எல்லாம் சொன்னோம். கிழவர் கேட்டும் சொல்லவில்லை. ஏன்?

விடையை நேர்மையாய்த் தேடினால் அது நமக்கு அனுகூலமாய் இல்லை. இளைஞர் ஆங்கிலம் படித்தவர். வண்டி முறிந்தால் நம்மைத் தேடி வருவார். நமது பெயரை ஊரெங்கும் கெடுப்பார். முறிந்து விழுந்தால் அவருடைய பல்லும் தாடையும் நமது மனச்சாட்சியின்மேல் ஏறும். கிழவரோ வரமாட்டார், தமக்கு நஷ்டம் வந்ததென்பதையே அறியமாட்டார். ஆகவே நமது உண்மை, கேட்பவனுடைய பலத்தை அளந்து பார்த்தே வெளிப்பட்டிருக்கிறது. பலசாலியிடம் சத்தியமும் பலவீனனிடம் சாமர்த்தியமும் காட்டுவதற்கு நேர்மை என்று பெயரிடலாமா?

தேசச் சட்டமும் பெரும்பாலும் இந்த வழியிலேதான் போகிறது. சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அமலுக்கு வந்த விதிப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருளில், அது பழைய பொருளேயானாலும், ஆறு மாதத்துக்குள் பழுது கண்டால் அது விற்ற நாளிலேயே இருந்ததென்று கொண்டு பரிகாரம் கேட்கலாம். நல்ல விதி. ஆனால் அது வாங்குபவனைக் காப்பது. தன் பொருளின் மதிப்பை அறியாமல் விற்றவனுக்கு அத்தகைய காப்பு இல்லை.

இக்கேள்வி பழையது. ரோம நாட்டுச் சிசரோ கி.மு. 44இல் கடமைகளைப் பற்றித் தம் மகனுக்கு எழுதிய நூலின் மூன்றாம் பாகத்தில் நேராகவே இதை எழுப்புகிறார்: பித்தளையென்று எண்ணி ஒருவன் தங்கத்தை விற்கிறான், நல்லவன் அதைத் தங்கமென்று சொல்வானா, ஆயிரம் பெறுவதை ஒரு காசுக்கு வாங்கிக்கொள்வானா? டயோஜனீஸ், அன்டிபேட்டர் என்னும் இரு ஞானிகள் எதிரெதிரான விடை தந்ததாகவும் எழுதுகிறார். அதே நூலில் ஸ்கீவோலா என்பவரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அவர் ஒரு நிலம் வாங்கும்போது, விற்பவன் சொன்ன விலை குறைவென்று தாமே கூறி, ஒரு லட்சம் நாணயம் கூட்டிக் கொடுத்தாராம். நல்லவர்தான், ஆனால் புத்திசாலியன்று என்று ஊரார் பேசிக்கொண்டனராம். புத்தியையும் நன்மையையும் இரு வேறு பண்டமாக்கிய அந்தப் பேச்சே எல்லாக் கேட்டுக்கும் வேர் என்பது சிசரோவின் கட்சி. நம் வள்ளுவரும் வணிகர்க்குரிய நீதியை நடுவு நிலைமை அதிகாரத்தின் முடிவிலே வைத்திருக்கிறார். பிறர் பொருளைத் தம் பொருள்போல் பார்க்கச் சொன்ன அவ்விடத்தில், இது விற்பவனுக்கு மட்டும் என்று அவர் வரம்பு கட்டவில்லை.

எதிர்க்கட்சிக்கும் பலமான சாட்சி உண்டு. 1815 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆர்கன் என்னும் வியாபாரி, இங்கிலாந்தோடு யுத்தம் முடிந்து சமாதானம் ஏற்பட்ட செய்தியைப் பிறருக்கு முன்னரே அறிந்து, அதை அறியாத ஒரு கம்பெனியிடமிருந்து பெருந்தொகைப் புகையிலையை வாங்கிவிட்டான். விலை ஏறத்தக்க செய்தி ஏதும் உண்டா என்று விற்றவர்கள் கேட்டபோது அவன் வாய் திறக்கவில்லை. செய்தி வெளியானதும் புகையிலை விலை ஏறிற்று. அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1817இல், வெளி நிலவரத்தைச் சொல்ல வாங்குபவனுக்குக் கடமையில்லை என்றது. ஆனால் அதே தீர்ப்பு, எதிரியை ஏமாற்றத்தக்க சொல்லோ செய்கையோ கூடாதென்றும் கூறி, வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பிற்று. ஆர்கன் மௌனமாயிருந்தான். நாமோ பேசினோம், பேசிய வார்த்தை உண்மையாயிருந்தும் கிழவருடைய கேள்வியை அது கொன்றுவிட்டது. ஆர்கனை விட நமது நிலைமை மோசம்.

"கற்றுத் தேர்ந்தவன் கற்றதற்குக் கூலி பெறக்கூடாதா? அறிந்ததையெல்லாம் சொல்லிவிட்டால் யார்தான் எதையும் கற்பார்?" என்று நண்பர் ஒருவர் நம்மை மடக்கினார். நியாயமான கேள்வி. நாமும் லாபத்தை வெறுக்கும் சந்நியாசியன்று. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளின் உழைப்புக்குக் கூலி உண்டு. கைவிடப்பட்ட வண்டியை ஓடச் செய்தவனுக்குப் பங்கு உண்டு. வாங்குவோனைத் தேடிப் பிடித்தவனுக்கும் உண்டு. கூட்டிப் பார்த்தோம். பாகச் செலவு, நமது உழைப்பு, அலைச்சல் எல்லாவற்றையும் தாராளமாகவே கழித்தும், முந்நூறு வெள்ளிக்குக் குறையாமல் மிச்சம் நின்றது. அது எதற்குக் கூலி? கிழவர் அறியாதிருந்ததற்கு. ஒருவனுடைய அறிவுக்குக் கூலி கொடுப்பது வேறு; மற்றவனுடைய அறியாமைக்கு வரி வசூலிப்பது வேறு.

நாம் தோட்டத்துக் கிராணி. இந்த மிச்சம் நமக்குப் புதிதன்று. எழுதப்படிக்கத் தெரியாத நம் முன்னோர், வாசிக்க முடியாத கூலிக் கணக்கில் கைநாட்டு வைத்தபோது, கணக்கை வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தான். பால் நிறுக்கும் தராசில் முள் எங்கே நிற்கிறதென்று அறியாதவனுக்கு அவன் அதைச் சொல்லவும் செய்யலாம், சொல்லாமலும் விடலாம். எத்தனையோ இடங்களில் சொல்லாமலே விட்டான். அவனைக் கொடியவன் என்று மேடையேறிப் பேசுகிறோம். அவனும் பொய் சொல்லவில்லை, மௌனந்தான் சாதித்தான். ஆங்கிலச் சஞ்சிகை படித்து நாம் பெற்ற அறிவு, ஒரு கிழச் சீனரின் முன்னே அதே தராசின் பக்கத்தில் போய் நின்றது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கிழவர் ஐம்பது வெள்ளி கேட்டதற்கு அவருடைய அறியாமை மட்டும் காரணமன்று. பிறர் கழித்ததைத் தொடுகிறவன் தாழ்ந்தவன், குப்பை பொறுக்குகிறவனுக்குக் கொடுத்தது போதும் என்ற எண்ணம் நமது இரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. தொழிலால் மனிதனைத் தாழ்த்தும் இழிவைக் கடல் கடந்தும் கொண்டுவந்தோமல்லவா? பீங்கான் கடையில் சொன்ன விலையைக் கொடுப்பவர்கள் சுங்கை ரோட்டில் ஐந்து வெள்ளிக்குக் கால்மணி வாதாடியதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். கேட்டால் தரமாட்டார்கள் என்று பழகிப்போனவர் குறைத்தே கேட்கப் பழகிவிடுகிறார்.

ஆகஸ்டு மாதத்தில் முந்நூறு வெள்ளியை ஓர் உறையிலிட்டுக்கொண்டு போனோம். சந்தை மூடி ஒரு மாதம் கழிந்திருந்தது. அக்கம்பக்கத்துக் காப்பிக் கடைகளில் விசாரித்தோம்; அவரைப்போன்ற கிழவர்கள் பலரைத் தெரியும் என்றார்கள், பெயர் தெரியாதபடியால் மேலே கேட்க வழியில்லை. ஐம்பது வெள்ளிக்கு ஒரு பொருள் வாங்கியும் மனிதனுடைய பெயரைக் கேட்கவில்லை. உறையிலிருந்த பணம் இரண்டாண்டு மேசையில் கிடந்து, பின்பு ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயிற்று. அதனால் கணக்குத் தீர்ந்ததென்று நாம் எழுதிக்கொள்ளவில்லை. கடன் ஒருவருக்கு, செலுத்தியது வேறொருவருக்கு. எந்தப் பேரேட்டிலும் அது வரவாகாது.

வாங்கி விற்பதை நாம் விட்டுவிடவில்லை. ஒரு மாறுதல் மட்டும் உண்டு: வாங்குமுன், இன்ன வண்டி, பழுது பார்த்தால் ஏறக்குறைய இவ்வளவு போகும், எமக்கு இவ்வளவு கிடைக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறோம். சென்ற தீபாவளிக்கு முன்னர் டன்லப் தெருவுக்குப் பின்னாலுள்ள சந்தில், நம்மவர் ஒருவர் தம் மகன் ஓட்டிப் போட்ட வண்டியை முப்பது வெள்ளிக்குத் தள்ளிவிட நின்றார். விவரத்தைச் சொன்னோம். அவர் நம்மையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியா தம்பி? நல்லவேளை சொன்னீர்கள். அவ்வளவு பெறுமென்றால் இது வீட்டிலேயே கிடக்கட்டும்" என்று சொல்லி, மேலே ஒரு சாக்கைப் போர்த்தி உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார். நாம் வெறுங்கையோடு நடந்து, குவீன் தெருவில் ஜொகூர் பஸ் ஏறினோம்.