கல்லில் பெயர், கணக்கில் பெயர்

தென்மாவட்டத்து ஆலயம் ஒன்றில் ஆராதனை தொடங்குமுன் அண்ணாந்து பார்த்தால், மின்விசிறியின் இறக்கையில் சிவப்பு மையில் ஒரு பெயர் தெரியும். விசிறி சுழன்றால் மறையும். மின்சாரம் போனால் மறுபடி தெரியும். பெஞ்சின் முதுகில் ஒரு பெயர், சுவர்க்கடிகாரத்தில் ஒரு பெயர், குடிநீர்த் தொட்டியில் ஒரு பெயர். வாசலருகே பதித்த சலவைக்கல்லில் கட்டட நிதிக்குக் கொடுத்தவர்களின் பட்டியல்: லட்சம் மேலே, ஆயிரம் கீழே. அதற்கும் குறைவாகக் கொடுத்தவர்களுக்குக் கல்லில் இடமில்லை.

அதே ஆலயத்தில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தேயு ஆறாம் அதிகாரமும் வாசிக்கப்படும். தர்மம் செய்யும்போது முன்னால் தாரை ஊதுவிக்க வேண்டாம், வலது கை செய்வது இடது கைக்குத் தெரியவும் வேண்டாம் என்று இயேசு சொல்லும் பகுதி அது. வாசிப்பவரும் கேட்பவர்களும் அந்தக் கல்லைக் கடந்துதான் உள்ளே வந்திருப்பார்கள். கொடுத்தவர் பெயரை ஊரறியச் சொல்வது தவறா என்ற கேள்வி அங்கேயே எழுகிறது.

வேதம் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லவில்லை. அதே மலைப்பிரசங்கத்தில், ஒரு அதிகாரம் முன்னால், சீடர்களின் நற்செயல்கள் வெளிச்சம்போல மனிதர் கண்ணில் படட்டும் என்கிறார் இயேசு. சீப்புரு தீவைச் சேர்ந்த பர்னபா நிலத்தை விற்று, பணத்தை அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்ததை லூக்கா பெயர் சொல்லியே எழுதுகிறார். எனவே பெயர் வெளியே வருவதே பாவம் என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் லூக்கா அந்த நிலம் என்ன விலைக்குப் போனது என்று எழுதவில்லை. அதோடு, பர்னபாவின் செய்தி முடிந்த உடனே அனனியா, சப்பீராள் தம்பதியின் கதையை வைக்கிறார். அவர்களும் நிலத்தை விற்றார்கள். ஒரு பங்கை வைத்துக்கொண்டு, முழுவதும் இதுதான் என்று கொண்டுவந்து வைத்தார்கள். நிலமும் உன்னுடையது, பணமும் உன் வசம்தானே இருந்தது என்று பேதுரு கேட்கிறார். குறைத்துக் கொடுத்தது அங்கே குற்றம் அல்ல, பொய்தான் குற்றம். முழுவதையும் கொடுத்தவர் என்ற பெயர் வேண்டும், முழுவதையும் கொடுக்க மனமில்லை என்ற இடத்தில் அந்தப் பொய் பிறந்தது.

பெயர் போடுவதற்குச் சபைகள் சொல்லும் நியாயங்களையும் நேர்மையாக எடைபோட வேண்டும். முதலாவது, ஒருவர் பெயரைப் பார்த்து இன்னொருவர் கொடுப்பார். அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு எலுமிச்சம்பழம் கடைவிலையைவிடப் பல மடங்குக்குப் போகும்; இரண்டு பேர் போட்டி போட்டால் சபைக்கு லாபம். பவுலும் இதுபோல் செய்தவர்தான். எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தபோது, மக்கெதோனியாவின் தாராளத்தைக் கொரிந்தியருக்கும், கொரிந்தியரின் ஆர்வத்தை மக்கெதோனியருக்கும் எடுத்துச் சொன்னார். ஆனால் அவர் சொன்னது சபைகளின் பெயரை. தனி மனிதர் எவருடைய பெயரையும் தொகையையும் அல்ல. கொடிய வறுமையிலும் கொடுத்தார்கள் என்பதுதான் அவர் கொடுத்த பாராட்டு.

இரண்டாவது நியாயம் நன்றி. ஆலயத்துக்கு இடம் கொடுத்த குடும்பத்தை ஊர் மறக்கக் கூடாது என்பது நல்ல எண்ணம்தான். இறந்துபோன தாயின் நினைவாக மகள் ஒரு பெஞ்சு வாங்கி, அதில் அம்மாவின் பெயரை எழுதச் சொன்னால் அதைப் பெருமை என்று ஒதுக்குவது கல்நெஞ்சம். மூன்றாவது, கல்லில் எழுதினால் பணம் எங்கும் மாயமாகாது. கொடுத்தது விசிறியாக மேலே சுழல்வதை எல்லாரும் பார்க்கலாம் என்பது.

இந்த மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றுமே கொடுத்தவரையும் வாங்கிய சபையையும் மட்டும் பார்க்கின்றன. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பதில்லை.

அவர் தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவராகவோ பீடி சுற்றுகிறவராகவோ இருக்கலாம். காணிக்கைப் பை வரும்போது சேலை முந்தானையில் முடிந்த பத்து ரூபாயை எடுத்து, நோட்டு தெரியாதபடி மடித்துப் போடுகிறார். கொடுப்பதில் அவருக்கு வெட்கமில்லை, தொகை தெரிவதில்தான் வெட்கம். அந்த வெட்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது வாசலில் இருக்கும் கல். பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் காட்டுகிற சபையை யாக்கோபு தன் நிருபத்தில் கடுமையாகக் கண்டித்தார். தொகை வரிசையில் எழுதிய பட்டியல் அதே வேலையை ஆளில்லாமல், ஆண்டு முழுவதும் செய்கிறது.

எருசலேம் தேவாலயத்தில் தாரை வடிவில் வாயமைந்த பதின்மூன்று காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூதர்களின் மிஷ்னா சொல்கிறது. அப்படிப்பட்ட காணிக்கைப்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துதான் இயேசு, விதவை ஒருத்தி இரண்டு காசு போடுவதைக் கவனித்தார். கூலியாளின் ஒரு நாள் சம்பளமான தெனாரியத்தை அறுபத்துநான்காகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் அந்த இரண்டு காசும் சேர்ந்து. எல்லாரையும்விட அதிகமாகப் போட்டவள் அவளே என்றார். தொகைப்படி எழுதும் எந்தக் கல்லிலும் அவள் இடம்பெற்றிருக்க மாட்டாள். சுவிசேஷத்திலும் அவளுக்குப் பெயரில்லை.

அப்படியானால் கணக்கு? ரகசியமாகக் கொடுத்தால் ரகசியமாகச் சுருட்டவும் வழியாகாதா? இந்தப் பயம் நியாயமானது. பவுலுக்கும் இருந்தது. அதனால்தான் பணத்தைத் தனியாகக் கையாளாமல், தீத்துவோடு சபைகளின் நம்பிக்கை பெற்ற வேறு இரு சகோதரரையும் அனுப்பினார்.

இதற்கு நடைமுறை வழி காட்டியவர் ஜார்ஜ் முல்லர். பிரஷ்யாவில் 1805-ல் பிறந்து இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் குடியேறியவர். 1836-ல் வாடகை வீட்டில் அநாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய விடுதி, 1870-க்குள் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய இல்லங்களாக வளர்ந்து, இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு மேல் தங்க இடம் தந்தது. அவர் மனிதர் எவரிடமும் பணம் கேட்பதில்லை என்று தீர்மானித்தவர். ஆனால் வரவு செலவை அச்சிட்டு ஆண்டறிக்கையாக வெளியிட்டார். அதில் கொடுத்தவர்களின் பெயர் இருக்காது. ஒவ்வொரு நன்கொடைக்கும் எண்ணிட்ட ரசீது. கொடுத்தவர் தன் எண்ணைப் பார்த்து, பணம் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்துகொள்ளலாம். கணக்கு ஊருக்குத் திறந்திருந்தது, பெயர் மூடியிருந்தது. கல் செய்வதாகச் சொல்லும் வேலையை அந்த ரசீது எவரையும் தாழ்த்தாமல் செய்தது.

மிசோரமில் 1910-ல் தொடங்கிய வழக்கம் ஒன்று இன்னும் எளியது. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலத்தில் எடுத்துவைப்பார்கள் பெண்கள். சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து அதைச் சேகரித்து விற்று, ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். அந்தப் பிடியரிசி இன்றும் அங்குள்ள சபையின் முக்கிய வருமானங்களில் ஒன்று. தமிழ்ச் சபைகளுக்கும் பிடியரிசி புதிதல்ல. எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் கொட்டியபின், எது யாருடையது என்று கேட்பாரில்லை.

ஆகவே பழைய கற்களைப் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை. இறந்தவர் நினைவாக வைத்தவை அப்படியே இருக்கட்டும். சேகரக் கமிட்டிகள் இனிமேல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த கட்டட நிதிக்கு ரசீது எழுதுங்கள், பெயரைப் பதிவேட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தணிக்கை செய்த வரவு செலவை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தொகை வரிசைப் பட்டியலை மட்டும் வாசலில் பதிக்காதீர்கள். பத்து ரூபாயை மடித்துப் போடுகிறவரும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்.