மொனிக்கம்மாள் கேட்டது ஒன்றே



வீட்டிலே ஒரு மூதாட்டி கண்மூடினால் நாம் என்ன செய்கிறோம்? மரண அறிவித்தல் கொடுக்கிறோம். இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னார் இன்னாரின் அன்புப் பேத்தியாருமாவார் என்று பெயர்களை வரிசையாக அடுக்குகிறோம். 31ஆம் நாளுக்கு முன்னர் கல்வெட்டு அச்சாகிவிடவேண்டுமென்று ஓடித்திரிகிறோம். இவற்றைக் குறைசொல்ல வரவில்லை. பெற்றவளுக்குப் பிள்ளைகள் செய்யும் மரியாதை அது. ஆனால் அந்தத் தாய் தானே வாய்திறந்து எதைக் கேட்டாள் என்று எத்தனைபேர் எண்ணிப் பார்க்கிறோம்?

ஓகஸ்ட் 27ஆம் திகதி திருச்சபை நினைவுகூருகிற புனித மொனிக்கம்மாளும் ஒரு மனைவி, ஒரு தாய், ஒரு பேத்தியார். முதல் இரண்டையும் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். மூன்றாவதை ஏனோ எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

வட ஆபிரிக்காவில், இன்றைய அல்ஜீரியா நாட்டில் இருந்த தகாஸ்தே என்னும் சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவர் அவர். கணவர் பத்திரீசியுஸ் முற்கோபி. மனைவிக்கு உண்மையாய் இருந்தவருமல்லர். மருமகளைப் பற்றி வேலைக்காரிகள் சொன்ன கோள்களை மாமியாரும் முதலில் நம்பினார். மொனிக்கம்மாள் எதிர்த்துப் பேசவில்லை. பணிவினாலும் பொறுமையினாலும் மாமியாரின் மனத்தை வென்றார். கணவரும் தம் வாழ்நாளின் கடைசிக் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றார். இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்த ஊரில் முகத்திலே அடிகாயங்களோடு திரிந்த பெண்கள் பலர் இருந்தார்கள் என்றும், மொனிக்கம்மாள் அவர்களுக்கு அடக்கத்தையே புத்திமதியாகச் சொன்னார் என்றும் மகன் அகுஸ்தீனார் எழுதியிருக்கிறார். மனைவியைக் கணவனின் அடிமையாக எண்ணிய காலம் அது. இதை எடுத்துக்காட்டி, இன்று அடிபட்டு வந்து நிற்கும் ஒரு பெண்ணைப் பொறுத்துக்கொள் என்று திருப்பி அனுப்புகிறவர், புனிதையின் பெயரால் பாவத்துக்குத் துணைபோகிறார்.

மகனுக்காக அவர் வடித்த கண்ணீர் உலகறிந்தது. 383ஆம் ஆண்டில், கார்த்தேஜ் துறைமுகத்தில், தாயை ஏமாற்றிவிட்டு இரவோடிரவாகக் கப்பலேறினார் அகுஸ்தீன். தாயோ பின்னர் கடல் கடந்து மிலான் நகர்வரை மகனைத் தேடிச் சென்றார். அங்கேதான் அவர் உண்மையாகவே பேத்தியாராய் வாழவேண்டி வந்தது.

அகுஸ்தீனாருக்கு அதேயோதாத்துஸ் என்று ஒரு மகன் இருந்தான். கடவுள் தந்தவன் என்பது அப்பெயரின் பொருள். அவன் முறையான திருமணத்தில் பிறந்தவனல்லன். அவனுடைய தாய் பல ஆண்டுகள் அகுஸ்தீனாரோடு உண்மையாய் வாழ்ந்தவள். அவளுடைய பெயரைக்கூட அவர் எழுதிவைக்கவில்லை. மகனுக்குத் தகுந்த இடத்தில் மணம் பேசவேண்டுமென்று மொனிக்கம்மாள் முயன்றபோது, அந்தப் பெண் விலக்கப்பட்டு, பிள்ளையை விட்டுவிட்டுத் தனியே ஆபிரிக்காவுக்குத் திரும்பினாள். பேசிய திருமணமும் நடைபெறவில்லை. இதில் மொனிக்கம்மாள் செய்தது முழுவதும் சரி என்று எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. புனிதர்களும் தங்கள் காலத்து மனிதர்களே.

ஆனால் அந்தப் பையனை அவர் கைவிட்டாரா? இல்லை. 386ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மிலானுக்கு அப்பாலுள்ள ஒரு நாட்டுப்புற வீட்டில் அகுஸ்தீனார், அவருடைய சகோதரர், மகன், மாணவர்கள் எல்லோரும் தங்கியிருந்தார்கள். அகுஸ்தீனாரின் பிறந்தநாளாகிய நவம்பர் 13ஆம் திகதி தொடங்கிய உரையாடலொன்று நூலாகவே இருக்கிறது. கடவுளைத் தன்னிடத்தில் கொண்டிருப்பவன் யார் என்று அவர் கேட்டார். நன்றாய் வாழ்பவன் என்றார் ஒருவர். கடவுளின் விருப்பத்தைச் செய்பவன் என்றார் மற்றவர். எல்லோரிலும் இளையவனான அதேயோதாத்துஸ், அசுத்த ஆவி இல்லாதவனே என்றான். அங்கிருந்த மொனிக்கம்மாள் எல்லா விடைகளையும் ஏற்றுக்கொண்டார். விசேஷமாகப் பேரனுடைய விடையை மெச்சினார். அப்பம்மாமார் அன்றும் இன்றும் ஒருமாதிரித்தான்!

387ஆம் ஆண்டு பாஸ்காத் திருவிழாவில் தந்தையும் மகனும் ஆயர் அம்புறோசியாரின் கையால் ஒன்றாகவே ஞானஸ்நானம் பெற்றார்கள். பல ஆண்டுக் கண்ணீருக்கு, கேட்டதற்கும் மேலாகவே ஆண்டவர் கொடுத்துவிட்டார். ஊர் திரும்புவதற்காக உரோமைக்கு அருகிலுள்ள ஒஸ்தியா துறைமுகத்தில் தங்கியிருந்தபோது மொனிக்கம்மாளைக் காய்ச்சல் பிடித்தது. ஒன்பதாம் நாள் உயிர் பிரிந்தது. வயது 56.

அந்த ஒன்பது நாட்களில் நடந்ததைக் கவனியுங்கள். கணவருடைய கல்லறைக்குப் பக்கத்திலேயே தமக்கும் ஓர் இடத்தை ஆயத்தம் செய்து வைத்திருந்தவர் அவர். கடல்கடந்து போய்வந்த பின்னரும் கணவரோடு ஒரே மண்ணில் உறங்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆகவே, அந்நிய நாட்டிலல்ல, சொந்த ஊரிலே கண்மூடினால் நல்லதென்று மூத்தவர் ஒருவரைப்போல இன்னொரு மகன் சொன்னார். மொனிக்கம்மாள் கடிந்து நோக்கினார். இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், அதைப்பற்றிக் கவலைப்படவேண்டாம் என்றார். எங்கிருந்தாலும் ஆண்டவரின் பலிபீடத்தில் தம்மை நினைக்கவேண்டும் என்பதை மட்டுமே கேட்டார். ஊரைவிட்டு இவ்வளவு தூரத்தில் உடலை விட்டுச்செல்லப் பயமில்லையா என்று சிலர் முன்னர் வினவியபோது, கடவுளுக்குத் தூரமானது எதுவுமில்லை, கடைசி நாளில் தம்மை எங்கிருந்து எழுப்புவதென்று அவருக்குத் தெரியாமற் போகாது என்ற கருத்திலே பதிலளித்திருந்தார்.

அன்புக்குரியவர்களே, இந்த இடத்தை வாசிக்கும்போது நம்மில் பலருக்கு நெஞ்சு கனக்கும். 1983க்குப் பின்னர் பிள்ளைகளோடு கடல்கடந்து சென்று, பனி கொட்டும் நாட்டில் அடக்கம் செய்யப்பட்ட அம்மம்மாமார் எத்தனைபேர்! கணவர் இங்கே நமது சேமக்காலையில், மனைவி அங்கே. 1995இல் குடாநாட்டைவிட்டு இடம்பெயர்ந்து, போன இடத்திலே மண்ணுக்குள் போனவர்கள் இருக்கிறார்கள். 2009இல் வன்னியிலே, சிலுவை ஒன்று நாட்டுவதற்கும் நேரமில்லாமல் தாயைப் புதைத்துவிட்டு நடந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இடத்தைக்கூட இன்று காட்டமுடியாது. மெழுகுதிரி கொளுத்த ஒரு கல்லறை இல்லையே என்று ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்தில் மனம் குமைகிறவர்களே, ஒஸ்தியாவில் ஒரு தாய் சொன்னது உங்களுக்குத்தான்.

துக்கம் கூடாதென்று அவர் சொல்லவில்லை. தாயின் உயிர் பிரிந்ததும் பேரன் அதேயோதாத்துஸ் வாய்விட்டு அலறினான். விசுவாசத்தில் இறந்தவளுக்கு ஓலம் தகாதென்று பெரியவர்கள் அடக்கினார்கள். சங்கீதம் பாடத் தொடங்கினார்கள். அகுஸ்தீனார் கண்ணீரை விழுங்கிக்கொண்டார். கல்லறை அருகே பலி ஒப்புக்கொடுக்கப்பட்டபோதும் அழவில்லை. குளித்தால் துயர் தணியுமென்று கேள்விப்பட்டுக் குளித்தும் பார்த்தார். தணியவில்லை. பின்னர் தனியே படுக்கையில், கடவுள் ஒருவரே காண, அழுது தீர்த்தார். பையன் முதலிலேயே செய்ததைத் தகப்பன் பிந்திச் செய்தார், அவ்வளவுதான். முதுமையில் எழுதிய ஒரு நூலிலும், இறந்தோர் நம்மிடம் வந்துபோக முடியுமானால் தம் தாய் ஓர் இரவேனும் வராமல் இருந்திருக்கமாட்டாள் என்று ஏங்குகிறார். அதே நூலிலேதான், ஆடம்பரமான அடக்கச் சடங்குகள் இறந்தவருக்கு உதவி என்பதைவிட இருப்பவருக்கே ஆறுதல் என்றும் எழுதுகிறார்.

மொனிக்கம்மாளின் உடல் 1430இல் ஒஸ்தியாவிலிருந்து உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தகாஸ்தேயில் ஆயத்தம் செய்த இடம் அவருக்குப் பயன்படவேயில்லை. ஆனால் கேட்ட ஒன்று கிடைத்தது. அகுஸ்தீனார் தமது சரித்திரத்தை எழுதிய நூலில் பக்கம் பக்கமாக அம்மா, அம்மா என்று எழுதியும் தாயின் பெயரை ஒரே ஓர் இடத்திலேதான் குறிப்பிடுகிறார். தாயின் மரணத்தைச் சொல்லி முடித்து, இதை வாசிக்கிற யாவரும் பலிபீடத்தில் மொனிக்காவையும், அவருடைய கணவராயிருந்த பத்திரீசியுசையும் நினைக்கவேண்டுமென்று வேண்டுகிற இடம் அது.