குகைக்குள்ள ஆயிரமாவது ஆள்

ஓம் சரவணபவ 🙏



ஆடிக் கிருத்திகை நெருங்குது. பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்களுக்குக் கவுன்சிலிங் நடக்கிற நேரமும் இதுதான். ஹால் டிக்கெட் ஜெராக்ஸை வேல் முன்னாடி வெச்சுக் கும்பிட்டவங்க நம்மள்ல எத்தனையோ பேர் இருப்பீங்க. நானும் வெச்சிருக்கேன். அதனால இந்த வாரப் பதிவு படிப்பைப் பத்தி.

ரெண்டு வாரம் முன்னாடி ஏற்காடு போயிருந்தேன். சேலத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரியைத் தாண்டி, சேர்வராயன் கோயிலுக்குப் போனேன். 5,000 அடிக்கு மேல உச்சியில ஒரு குகைக்கோயில். அங்க இருக்கிறது சேர்வராயனும் காவேரி அம்மனும். மலைவாழ் மக்களோட குலசாமி. நம்ம முருகன் கோயில் இல்லை. ஆனா உள்ள குனிஞ்சு போகும்போது வாயில தன்னால "முருகா"ன்னுதான் வந்துச்சு. மலைன்னாலே அவன்தானே!

வெளிய வந்து டீ குடிக்கும்போது ஒரு தம்பி பேச்சுக் கொடுத்தான். பக்கத்துக் கிராமம். மலையாளி பழங்குடி. அப்பா காபி எஸ்டேட்ல தினக்கூலி. அரசுப் பள்ளியில படிச்சு பிளஸ் டூ பாஸ். கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணி ரேங்க்கும் வந்திருக்கு. சாய்ஸ் நிரப்ப இன்னும் ரெண்டு நாள்தான் பாக்கி.

"நிரப்பிட்டியா தம்பி?"

"இல்லண்ணா. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு வரச் சொல்லியிருக்காங்க. காலேஜெல்லாம் நமக்கு எதுக்குண்ணா? எங்க வீட்ல யாரும் போனதில்ல. போனா என்ன பண்ணனும்னும் தெரியாது."

கடைசியா சொன்ன அந்த வார்த்தை நெஞ்சுல தைச்சுது. ஏன்னா அது என்னோட கதையும்தான். நான் பிளஸ் டூ முடிச்சப்போ ஆன்லைன் கவுன்சிலிங் கிடையாது. அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேர்ல போகணும். நானும் அப்பாவும் ராத்திரி பஸ் ஏறிப் போனோம். ஸ்கிரீன்ல காலேஜ் பேர் ஓடுது. எது நல்ல காலேஜ், எந்தப் பிரிவு எடுக்கணும்னு ரெண்டு பேருக்கும் தெரியல. பின்னாடி ஆள் நிக்குதேன்னு பயந்து, கண்ணுல பட்டதைச் சொல்லிட்டு வந்துட்டேன். இன்னும் நல்ல இடம் கிடைச்சிருக்கும்னு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. மார்க் இருந்துச்சு, முருகன் மேல பக்தியும் இருந்துச்சு. வழி சொல்ல ஆள்தான் இல்லை.

இங்கதான் எனக்கு நக்கீரர் ஞாபகம் வந்தார்.

கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். திருப்பரங்குன்றத்துக் குளக்கரையில நக்கீரர் சிவபூஜை பண்ணிட்டு இருக்கார். ஒரு இலை பாதி தண்ணியிலயும் பாதி கரையிலயும் விழுது. தண்ணிப் பக்கம் மீனாகுது, கரைப் பக்கம் பறவையாகுது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்குது. அதை வேடிக்கை பார்த்ததுல பூஜையில கவனம் சிதறிடுச்சு. உடனே ஒரு பூதம் அவரைத் தூக்கிட்டுப் போய் குகையில அடைச்சிடுச்சு. உள்ள ஏற்கனவே 999 பேர். ஆயிரம் சேர்ந்தா சாப்பிடலாம்னு பூதம் காத்துட்டு இருந்திருக்கு. "நீ வந்ததாலதான் எங்க உயிரும் போகுது"ன்னு அந்த 999 பேரும் அழறாங்க. நக்கீரர் முருகனை நினைச்சுத் திருமுருகாற்றுப்படை பாடுறார். வேல் வந்து குகையைப் பிளக்குது.

இப்போ ஒரு கேள்வி. வெளிய வந்தது எத்தனை பேர்?

ஆயிரம் பேரும் வந்தாங்க! பாடினது ஒருத்தர்தான். அந்த 999 பேருக்குப் பாடவும் தெரியாது, வழியும் தெரியாது. ஆனா வேல், பாடினவனை மட்டும் வெளிய எடுத்துட்டு குகையை மூடல.

அந்த நூலோட பேரைப் பாருங்க. ஆறு-ன்னா வழி. ஆற்றுப்படுத்துறதுன்னா வழிகாட்டி அனுப்புறது. வள்ளல்கிட்ட பரிசு வாங்கிட்டு வர்ற ஒருத்தன், எதிர்ல பசியோட வர்றவனைப் பார்த்து, "இப்படிப் போ, இன்னாரைப் பாரு, உனக்கும் கிடைக்கும்"னு சொல்றதுதான் ஆற்றுப்படை. பத்துப்பாட்டுல ஐந்து நூல் இந்த வகை. அதுல முதல்ல நிக்கிறது முருகனோடது. அதாவது, வாங்கினவனுக்கு ஒரு கடமை இருக்கு. வாங்கினதை மூட்டை கட்டிட்டு, எதிர்ல வர்றவனைப் பார்க்காத மாதிரி போகக் கூடாது.

அதே நூல்லதான் குன்றுதோறாடல்னு ஒரு பகுதி வருது. மலைதோறும் முருகன் ஆடுறான்னு அர்த்தம். பழனியும் தணிகையும் மட்டும் அவனோடது இல்லை. சேர்வராயன் மலையும் அவன் ஆடுற இடம்தான். அங்க எஸ்டேட்ல மிளகு பறிக்கிற அம்மாவோட பிள்ளையும் அவன் பிள்ளைதான். நாம மலை ஏறி போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சுட்டு இறங்கிட்டா, பாதி தரிசனம்தான் ஆச்சு.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம். வீட்ல போய் பாஸ்வேர்டு எழுதின நோட்டை எடுத்துட்டு வந்தான். ரெண்டு பேரும் உக்காந்தோம். நான் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன், யாருக்காவது உதவும்.

6-ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருந்தா 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. மருத்துவத்துக்கு 2020-லயும், பொறியியல் மாதிரி தொழிற்படிப்புகளுக்கு 2021-லயும் வந்தது. அதுல சீட் கிடைச்சா படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் ரெண்டையும் அரசே ஏத்துக்குது. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண், பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய். குடும்பத்துல முதல் பட்டதாரின்னா அதுக்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வெச்சுக்கணும். சாய்ஸ் எத்தனை வேணும்னாலும் கொடுக்கலாம். வரிசைதான் முக்கியம். ரொம்பப் பிடிச்சது முதல்ல. "இது நமக்குக் கிடைக்காது"ன்னு நீங்களே வெட்டிடாதீங்க. கிடைக்கலைன்னா கம்ப்யூட்டர் தானா அடுத்ததுக்குப் போயிடும்.

அவனுக்கு இன்னொண்ணும் சொன்னேன். காஞ்சிபுரத்துல இருந்து வந்த அண்ணன் தம்பிங்க மலைக்கு ஒருத்தரா பிரிஞ்சு குடியேறினாங்கன்னு மலையாளி மக்கள் சொல்லுவாங்க இல்லையா? அந்தச் சொந்தத்துலயே பாரு. 2024-ல பச்சைமலையில இருந்து ஒரு பழங்குடி மாணவி ஜே.இ.இ. எழுதி திருச்சி என்.ஐ.டி. போனாங்க. 2025-ல நம்ம சேலம் மாவட்டத்துக் கல்வராயன் மலை, கருமந்துறை அரசுப் பழங்குடியினர் பள்ளியில படிச்ச மாணவி சென்னை ஐ.ஐ.டி. போனாங்க. குகை ஏற்கனவே பிளந்தாச்சு தம்பி. வெளிய வர்றதுதான் பாக்கி.

அவன் சிரிச்சான். சாய்ஸை லாக் பண்ணிட்டான். அவங்க அப்பா ஒண்ணும் பேசல. போகும்போது ஒரு பை நிறைய பலாச்சுளை கொடுத்து அனுப்பினார்.

இதை எழுதற வரைக்கும் முடிவு வரல. சீட் கிடைச்சா முருகன் இருக்கான், கிடைக்கலைன்னா இல்லைன்னு சொல்லிடலாமா? மாம்பழக் கதையை நினைச்சுப் பாருங்க. மயில் மேல உலகத்தையே சுத்திட்டு வந்தவனுக்கே பழம் கிடைக்கல. அவனும் கோவிச்சுக்கிட்டான், நம்மள மாதிரியே! ஆனா கோவத்துல போய் நின்ன இடம் பழனி ஆச்சு. இன்னைக்கு உலகமே அந்த மலையைத் தேடி வருது. ஒரு பழம் கைவிட்டுப் போனதால அவன் சின்னவன் ஆகல. அதனால ரிசல்ட் பார்த்துட்டு ரூமைப் பூட்டிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்குச் சொல்றேன்: கோவிச்சுக்கோங்க, அழுங்க, தப்பில்ல. ஆனா எழுந்து உங்க மலையைத் தேடிப் போங்க.

இந்தக் கிருத்திகைக்கு ஒரு வேண்டுதல் வெச்சுக்குவோம். காவடி எடுக்கறவங்க எடுங்க, விரதம் இருக்கறவங்க இருங்க. அதோட உங்க தெருவுல, ஊர்ல, கோயில் வாசல்ல பூ விக்கிற அக்கா வீட்ல, காலேஜ் வழி தெரியாம நிக்கிற ஒரு பிள்ளைகிட்ட ஒரு மணி நேரம் உக்காருங்க. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. அதுவும் ஒரு ஆற்றுப்படைதான்.

அந்தத் தம்பிக்காகவும் ஒரு தடவை "முருகா"ன்னு சொல்லிடுங்க.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚

(பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க இருக்கிற குரூப்புக்கு இதை அனுப்பி விடுங்க.)