எதிர்வீட்டுக்காரரின் முறையீடு



"என் வீடு, என் வாசல், என் வண்டி. என் கையால நான் வேலை செய்றேன். இதுல அடுத்தவனுக்கு என்ன வந்தது?" போன வருஷம் பல நாள் இந்தக் கேள்வியை மனசுக்குள் கேட்டுக்கொண்டே ஸ்பேனர் பிடித்தேன். கேள்வி நியாயமாகத்தான் தோன்றியது. திருடவில்லை, குடிக்கவில்லை, சீட்டாடவில்லை. உடைந்ததைச் சரிசெய்கிறேன், அவ்வளவுதானே? இந்த மாதப் பத்திரிகைக்கு எழுதச் சொன்னபோது வேறொரு தலைப்பைத்தான் ஆயத்தம் பண்ணினேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் இதுதான் முன்னால் வந்து நிற்கிறது. வெட்கத்தோடு சொல்லுகிறேன், கேளுங்கள்.

நான் சபையில் சம்பளம் வாங்குகிற போதகன் அல்ல. ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வேலை பார்த்துக்கொண்டே, சாயங்கால வகுப்பில் வேதாகமக் கல்லூரி டிப்ளமோ முடித்தவன். என்னிடம் 1985 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. அந்த வண்டி வருவது எப்போதோ நின்றுபோயிற்று. இன்றைக்கு ஒரு வாட்டர் பம்ப் வேண்டுமென்றாலும் புதுப்பேட்டையில் பாதி நாள் அலைய வேண்டும். ஆனாலும் அதன்மேல் எனக்கு ஒரு பிரியம். இப்போது வருகிற வண்டிகளில் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. என்ன கோளாறு என்று கம்ப்யூட்டர் சொன்னால்தான் மெக்கானிக்குக்கே தெரியும். பத்மினியில் அப்படியில்லை. கார்பரேட்டரைக் கழற்றி பெட்ரோலில் கழுவி மாட்டலாம், டாப்பெட்டை நாமே செட் பண்ணலாம். மனுஷன் செய்ததை மனுஷன் கையால் சரிசெய்ய முடிகிறதே, அதில் ஒரு மரியாதை இருக்கிறது என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன்.

முதலில் என் வண்டி மட்டும்தான். அப்புறம் சபையில் ஒரு சகோதரன், கல்யாண சவாரி ஓட்டிப் பிழைக்கிறவர், தன் அம்பாசடரைக் கொண்டுவந்தார். டிங்கர் வேலைக்கு வெளியே கேட்ட தொகை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. "பாஸ்டர், நீங்கதான் பாத்துச் செய்யணும்" என்றார். காசு வாங்காமல் செய்தேன். அதைக் கேள்விப்பட்டு இன்னொருவர் மாருதி 800 கொண்டுவந்தார். அது நாலு டயரும் கழற்றி, செங்கல்மேல் உட்கார்ந்து, எங்கள் மதிலை ஒட்டித் தெருவிலேயே ஐந்து மாதம் இருந்தது. ராத்திரி டியூட்டி விட்டு வந்து எட்டு மணிக்கு ஆரம்பித்தால் பத்தரை வரைக்கும் போகும். சனிக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கே சுத்தியல். கேட்டால் "ஏழைகளுக்கு உதவுறேன், இதுவும் ஒரு ஊழியம்தான்" என்பேன். ஊழியம் என்ற வார்த்தையைப் போட்டுவிட்டால் அதற்குமேல் யார் என்ன பேச முடியும்?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். ஐ.சி.எஃப்-பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. கையில் ஒரு தாள். மாநகராட்சிக்கு எழுதிய மனு, கீழே பதினொரு வீட்டுக் கையெழுத்து.

"தம்பி, திங்கக்கிழமை குடுக்கப் போறோம். குடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட காட்டிடணும்னு தோணுச்சு" என்றார்.

நான் உள்ளே கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லவில்லை. "குடுங்க சார், தாராளமா குடுங்க" என்று சொல்லி, தாளைப் படித்தும் படிக்காமலும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் மனைவிதான் அதை வாங்கி நின்று நிதானமாகப் படித்தாள்.

மறுநாள் ஆராதனையில் நான் செய்தது இன்னும் மோசம். ஜெபக் குறிப்பு சொல்லும்போது, "ஊழியத்துக்கு விரோதமாக நம் தெருவிலே சத்துரு எழும்பியிருக்கிறான், பாரப்பட்டு ஜெபியுங்கள்" என்றேன். சபையார் கையை உயர்த்தி ஜெபித்தார்கள். வீட்டு வாசல்படி ஏறி வந்து, கொடுப்பதற்கு முன்னால் காட்டிவிட்டுப் போன ஒரு வயதான மனுஷனுக்கு விரோதமாக நாற்பது பேரை ஜெபிக்க வைத்தேன். நமக்கு வருகிற ஒவ்வொரு முறையீட்டையும் உபத்திரவம் என்று பெயர் வைத்துக்கொள்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார்த்தீர்களா!

அன்று மத்தியானம் சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "என்னங்க, அந்த நாலாவது கையெழுத்து யாருதுன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அது எங்கள் பின்வீட்டில் குடியிருக்கிற சகோதரியின் கையெழுத்து. எங்கள் சபை விசுவாசி. அன்று காலையிலும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, நான் சொன்ன ஜெபக் குறிப்புக்குத் தலையைக் குனிந்துகொண்டிருந்தவர்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் இரண்டுபேருமாகப் போனோம். அந்த அம்மாவின் சின்னப் பையனுக்கு வீசிங். பெயிண்ட் அடிக்கிற நாளெல்லாம் தின்னர் நெடி நேராக அவர்கள் ஜன்னலுக்குத்தான் போயிருக்கிறது. ஒரு வருஷமாக அந்த ஜன்னலைத் திறக்கவே இல்லையாம். இரண்டு தடவை ராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்காக என் கையை வைத்து நானே ஜெபித்திருக்கிறேன்!

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"பாஸ்டர்கிட்ட போய் எப்படிச் சொல்றதுன்னுதான்..." என்றார். அதற்குமேல் பேசவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டுப் பெரியவர் எனக்கு விரோதி, இந்தச் சகோதரி என் மந்தை. ஆனால் என்னிடம் உண்மையைச் சொல்லுகிற அளவுக்கு என்னை நம்பினவர் அந்தப் பெரியவர்தான். முறையிடுகிறவனைப் பார்த்து நமக்குக் கோபம் வருகிறது. முறையிடாமல் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறவர்களை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. நம் வேலை, நம் அந்தஸ்து, நம் பேச்சு, இதில் ஏதோ ஒன்றுக்குப் பயந்து அவர்கள் வாயை மூடிக்கொள்ளுகிறார்கள். நாமோ அந்த அமைதியைச் சமாதானம் என்று நினைத்துக்கொள்ளுகிறோம்.

அன்று ராத்திரி வேதத்தை எடுத்து உட்கார்ந்தேன். "என் வீட்டில் நான் என்ன செய்தால் என்ன" என்பதற்கு மோசேயின் புஸ்தகங்களில் இவ்வளவு நேரடியான பதில் இருப்பதை இத்தனை வருஷம் கவனிக்காமல் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். புது வீடு கட்டுகிறவன் தன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்கவேண்டும் என்று உபாகமம் 22:8 கட்டளையிடுகிறது. வீடு அவனுடையது, மாடி அவனுடையது. ஆனாலும் அங்கே ஏறுகிற இன்னொருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டுக்காரன்மேல். தன் நிலத்தில் மூட்டின நெருப்பு முள்ளில் பற்றிப்போய் அடுத்தவன் கதிர்க்கட்டைச் சுட்டுவிட்டால், மூட்டினவன்தான் ஈடு கட்டவேண்டும் என்கிறது யாத்திராகமம் 22:6. அவன் வேண்டுமென்றே கொளுத்தினானா என்று அங்கே கேட்கவேயில்லை. நெருப்புக்கு வேலி தெரியாது, அவ்வளவுதான். சத்தத்துக்கும் வேலி தெரியாது. தின்னர் நெடிக்கும் தெரியாது.

மனுவில் நாலு குறை எழுதியிருந்தார்கள். சத்தம், பெயிண்ட் நெடி, எண்ணெய், தெரு அழகு கெடுகிறது என்பது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

சத்தத்துக்கு அரசாங்கமே அளவு வைத்திருக்கிறது. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45. தகரத்தின்மேல் அடிக்கிற சுத்தியல், பக்கத்தில் நின்று கேட்டால் நூறைத் தொடும். அடிக்கிறவன் காதில் அது விழுவதில்லை, ஏனென்றால் அவன் கண் ஒடுக்கு நிமிர்கிறதா என்பதில் இருக்கிறது. எதிர்வீட்டில் படுத்திருக்கிறவருக்கோ அடுத்த அடி எப்போது விழும் என்று தெரியாது. அதுதான் வேதனை.

எண்ணெய் விஷயத்தில் நான் பேசவே முடியாது. மாற்றின என்ஜின் ஆயிலை மதில் ஓரத்து மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தேன், களை வராது என்று சொல்லி. அது அபாயகரமான கழிவு, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்புக்காரரிடம்தான் போய்ச் சேரவேண்டும் என்று 2016-ம் வருஷத்து விதிகளில் இருக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் இன்னும் போர்வெல் தண்ணீர். பிரேக் டிரம்மைக் கழற்றி கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதுவேன். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பார்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். ஃபிட்டராகப் படித்தவன் நான். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

நாலாவது குறையை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மாருதியைத் தெருவில் நிறுத்தியது தப்பு; தெரு என்னுடையது அல்ல, ஆட்டோ திரும்ப முடியாமல் எத்தனையோ பேர் என்னால் சிரமப்பட்டிருக்கிறார்கள். ஆனால் என் மதிலுக்குள்ளே கவர் போட்டு நிற்கிற பழைய வண்டி, "பாக்கறதுக்கு அசிங்கமா இருக்கு, வாடகைக்கு ஆள் வரமாட்டேங்குது" என்றால், அதை நான் ஏற்கமாட்டேன். ஏழையின் வண்டி பழசாகத்தான் இருக்கும். காதில் நுழைவது, மூக்கில் ஏறுவது, தண்ணீரில் இறங்குவது, இவைகளைப் பற்றி அயலான் கேட்டால் நான் பதில் சொல்லியே ஆகவேண்டும். கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் பணிந்துபோனால், கடைசியில் ஏழையையே தெருவைவிட்டு எடுக்கச் சொல்லுவார்கள். இதைப் பெரியவரிடமும் மரியாதையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அது என் மருமகன் எழுதச் சொன்னது தம்பி" என்றார்.

ஆம், அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ஞாயிறு சபையிலும் எழுந்து நின்று, போன வாரம் நான் சொன்ன ஜெபக் குறிப்பு பொய் என்று சொன்னேன். சகோதரியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லும்போது கால் நடுங்கியது. மனுவை அவர்கள் இன்னும் கொடுக்கவில்லை. பெரியவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

வேலையை விட்டுவிட்டேனா? இல்லை. சாலொமோன் ஆலயம் கட்டினபோது கல்லை வெட்டுகிற இடத்திலேயே செதுக்கிக் கொண்டுவந்தார்கள், கட்டுகிற இடத்தில் இரும்பு ஆயுதச் சத்தமே இல்லை என்று 1 இராஜாக்கள் 6:7-ல் இருக்கிறது. அந்த வசனத்தின்மேல் ஆலய மகிமையைப் பற்றி மூன்று செய்தி கொடுத்திருக்கிறேன். சத்தம்போடுகிற வேலையை அதற்குரிய இடத்தில் செய் என்ற சாதாரண அர்த்தம் அதுவரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது டிங்கரிங், பெயிண்டிங் இரண்டும் எஸ்டேட்டில் ஒரு சகோதரனின் ஷெட்டில்தான். அதற்கு மாதம் ஒரு தொகை கொடுக்கிறோம், அம்பாசடர் சகோதரனும் பங்கு போடுகிறார். முன்பெல்லாம் இலவசமாகச் செய்கிறேன் என்று பெருமைப்பட்டேனே, அந்தச் செலவு வேறு யார் தலையிலோ விழுந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தையின் மூச்சு அதைக் கட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் ஸ்பேனர் வேலை மட்டும், ராத்திரி எட்டரைக்குமேல் ஒன்றும் கிடையாது. பழைய ஆயிலை கேனில் பிடித்து எஸ்டேட்டுக்கு எடுத்துப்போகிறேன்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் காரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர் மெதுவாக இன்னொன்றையும் சொன்னார். "காராவது சனிக்கிழமைதான் தம்பி. வெள்ளிக்கிழமை ராத்திரி உங்க ஸ்பீக்கர்..." என்று நிறுத்திக்கொண்டார்.

பிரியமானவர்களே, 2000 ஆகஸ்ட் 30-ந் தேதி உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்கு நம் சென்னையிலிருந்து போனதுதான். மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். நகரிலிருந்த ஒரு பெந்தெகொஸ்தே ஜெபவீட்டின் சத்தத்தைப்பற்றி அங்கே குடியிருந்தவர்களின் நலச்சங்கம் முறையிட்டது. சத்தம் எங்களால் மட்டும் அல்ல, நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிகளாலும் வருகிறது என்பது சபையின் தரப்பு. அடுத்தவர் அமைதியைக் குலைத்து ஜெபிக்கவேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிபதிகள் முடித்தார்கள். முதியோர், நோயாளிகள், படிக்கிற பிள்ளைகள், தூங்குகிற குழந்தைகள் என்று ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்த்தார்கள். அந்த நாட்களில் அதை நாமெல்லாம் உபத்திரவக் கணக்கில்தான் எழுதினோம். விடியற்காலையில் உரத்த சத்தமாய் வாழ்த்துகிறவனுடைய வாழ்த்து கேட்கிறவனுக்கு வசவாகத்தான் படும் என்று நீதிமொழிகள் 27:14 சொல்லுவதை யாரும் அப்போது எடுத்துப் பிரசங்கிக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்தில் பத்து மணிக்குமேல் மைக்கை அணைத்துவிடலாம் என்று மூப்பர்கள் கூட்டத்தில் வைத்திருக்கிறேன். இரண்டுபேர் சம்மதித்தார்கள். இரண்டுபேர் "பாஸ்டர் உலகத்துக்குப் பயப்பட ஆரம்பிச்சுட்டார்" என்கிறார்கள். அவர்களைக் குற்றப்படுத்த எனக்கு முகம் இல்லை. போன வருஷம் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சனிக்கிழமை பத்மினியின் கியர் பாக்ஸை இறக்க வேண்டும், கொஞ்சம் சத்தம் வரும். எதிர்வீட்டில் போய் நேரம் கேட்டேன். பத்து மணிக்குமேல் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார், அதற்கு முன்னால் அவருடைய பேரன் ஆன்லைன் டியூஷனில் இருப்பானாம்.